நூல் திருத்திய வாழ்வு: பனாரசிதாசரின் பாதிக் கதை

சமண அறநூல்கள் தவத்தைப் பன்னிரண்டாக வகுத்துரைக்கின்றன. உண்ணாநோன்பு, ஊண் குறைத்தல், சுவை துறத்தல் முதலியன புறத்தவம் ஆறு. அகத்தவமும் ஆறு. அவற்றுள் முதலாவது பிராயச்சித்தம், நான்காவது சுவாத்தியாயம். செய்த குற்றத்தை ஒளிக்காமல் ஆசாரியரிடம் எடுத்துரைக்கும் ஆலோசனா என்பது பிராயச்சித்தத்தின் முதற்படி. அறநூலை முறையாக ஓதி உணர்தல் சுவாத்தியாயம். நூல் ஓதுவதையும், தன் குற்றத்தைத் தானே கண்டு சொல்வதையும் உண்ணாநோன்போடு ஒரே வரிசையில் தவமாக வைத்துப் போற்றியது சமணம்.

இத்தவங்கள் இல்லறத்தார் ஒருவரின் வாழ்வில் என்ன மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்குத் தெளிவான வரலாற்றுச் சான்று ஒன்று உண்டு. 1641ஆம் ஆண்டு, ஷாஜகான் ஆட்சிக்காலத்தில், ஆக்ரா நகரில் வாழ்ந்த பனாரசிதாசர் என்னும் சமண வணிகர் தம் வாழ்க்கையைத் தாமே செய்யுளாக எழுதி வைத்தார். அர்த்தகதானக் என்பது அந்நூலின் பெயர்; ‘பாதிக் கதை’ என்பது அதன் பொருள். இந்தி மொழியின் முதல் தன்வரலாறு என்று அதனை அறிஞர் போற்றுவர்.

பனாரசிதாசர் முனிவர் அல்லர்; பெருஞ்செல்வரும் அல்லர். வணிகத்தில் பலமுறை தோற்றவர்; பெற்ற மக்கள் அனைவரையும் இழந்தவர். நூலைப் படித்தே வழி தவறியவர். பின்னர் நூலைக் கேட்டே வழி கண்டவர். அவரை அசைத்த நூலும், அவரை நிலைநிறுத்திய நூலும் தென்னாட்டு ஆசாரியர் மரபோடு தொடர்புடையவை. ஆதலால் அவருடைய கதை தமிழ்ச் சமணர்க்கு அயலார் கதை ஆகாது.

வணிகக் குடியின் மைந்தர்

பனாரசிதாசர் 1586ஆம் ஆண்டு ஜவுன்பூரில் ஸ்ரீமால் குலத்தில் பிறந்தார். தந்தை கரக்சேனர் மணி வணிகர். பிள்ளைக்கு முதலில் இட்ட பெயர் விக்கிரமாஜித். பெற்றோர் குழந்தையோடு காசிக்குச் சென்று பார்சுவநாதரை வழிபட்டபோது, அத்தீர்த்தங்கரர் பிறந்த நகரின் பெயரையே பிள்ளைக்கு இடவேண்டும் என்று கோயில் பூசாரி கூறினார். அவ்வாறே விக்கிரமாஜித் பனாரசிதாசர் ஆனார்.

அவர் சிறுவராயிருந்தபோது ஜவுன்பூரை ஆண்ட அதிகாரி நகரத்து மணி வணிகர்களைப் பிடித்து அடைத்துச் சவுக்கால் அடித்தான். விடுபட்ட வணிகர்கள் குடும்பத்தோடு ஊரைவிட்டு ஓடினர். கரக்சேனரின் குடும்பம் ஷாஜாத்பூரில் ஒரு நல்லவரின் வீட்டில் தஞ்சம் புகுந்தது. அங்கே சிறுவன் பனாரசி சோழிகளை வாங்கி விற்றுச் சிறு ஊதியம் ஈட்டினான். பேரனின் முதல் ஊதியத்தைப் பாட்டி பெருமகிழ்ச்சியோடு வாங்கி, இனிப்புப் பண்டம் செய்து வழிபாடு நடத்திப் பகிர்ந்தளித்தார். அரசரின் போர்களையும் வெற்றிகளையும் எழுதிய நூல்கள் அக்காலத்தில் பல உண்டு. ஒரு பாட்டியின் இந்த மகிழ்ச்சியை எழுதி வைத்தது பனாரசிதாசரின் நூல்.

பதினான்காம் வயதில் அவர் பண்டிதர் ஒருவரிடம் நிகண்டு, அணியிலக்கணம், சோதிடம் ஆகியவற்றைக் கற்றார். பானுசந்திரர் என்னும் முனிவரிடம் சமய நூல்களும் பயின்றார். ஆனால் கல்வியோடு காமமும் வளர்ந்தது. வீட்டு மணிகளைத் திருடிக் காதலுக்குச் செலவிட்டதையும், மூத்தோர் சொல்லைக் கேளாமல் திரிந்ததையும் அவரே எழுதியுள்ளார். மனைவியின் ஊரான கைராபாத்தில் அவரை ஒரு கொடிய தோல்நோய் பற்றியது. உடல் முழுதும் புண்ணாயிற்று. அருகில் வர எல்லோரும் அஞ்சினர். மனைவியும் மாமியாரும் மட்டுமே மருந்திட்டுக் காத்தனர். நாவிதர் ஒருவர் மருத்துவம் செய்து குணமாக்கினார். குணமான பின்னும் பழைய வழியிலேயே சென்றதாக அவர் கூறுகிறார். துன்பம் தானாகவே மனிதனைத் திருத்திவிடாது என்பதை அவர் மறைக்கவில்லை.

கோமதியில் கலந்த ஏடுகள்

அக்காலத்தில் அவர் ஏறத்தாழ ஆயிரம் செய்யுள் கொண்ட ஒரு நூல் இயற்றியிருந்தார். ஒன்பான் சுவையும் அதில் இருந்தன, காதற்சுவையே மிகுதி. நண்பர்கள் அதைக் கேட்டுக் களித்தனர்.

1605ஆம் ஆண்டு அக்பர் மறைந்தார். செய்தி ஜவுன்பூருக்கு எட்டியபோது பனாரசிதாசர் வீட்டு மாடிப்படியில் அமர்ந்திருந்தார். கேட்டதும் மயங்கிக் கீழே விழுந்தார். தலை உடைந்து குருதி பெருகியது. நகரம் கலங்கியது. கடைகள் அடைபட்டன. செல்வர்கள் நகைகளைப் புதைத்து, ஏழையரைப் போல முரட்டுத் துணி உடுத்தனர். சலீம் இளவரசர் ஜகாங்கீர் என்னும் பெயரோடு அரியணை ஏறினார் என்ற மடல் வந்த பின்னரே அச்சம் தணிந்தது.

அவ்விழுப்பம் பனாரசிதாசரின் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்பியது. துறவி வேடத்தில் வந்த ஒருவர் கொடுத்த சங்கினைச் சிவனாகப் பாவித்து அவர் நெடுநாள் பூசித்து வந்தார். விழுந்தபோது அந்தச் சங்கு ஏன் காக்கவில்லை என்று எண்ணினார், அப்பூசையை விட்டார். அதற்கு முன், ஓராண்டு மந்திரம் செபித்தால் வாயிலில் நாள்தோறும் பொற்காசு கிடக்கும் என்ற வாக்கை நம்பியும் அவர் ஏமாந்திருந்தார். இவற்றையெல்லாம் பிறர்மேல் பழி போடாமல், தம் பேதைமையாகவே எழுதுகிறார்.

பின்னர் ஒரு மாலை. நண்பர்களோடு கோமதி ஆற்றுப் பாலத்தின்மேல் அமர்ந்து தம் காதல் நூலை வாசித்துக்கொண்டிருந்தார். திடீரென உள்ளத்தில் ஓர் உறுத்தல். ஒரு பொய் சொன்னவனே துன்பம் நுகர்வான் எனில், காணாததையும் நிகழாததையும் புனைந்து ஒரு நூல் நிறையப் பொய் எழுதியவன் நிலை என்ன? கையிலிருந்த ஏடுகளை ஆற்றில் எறிந்தார். நண்பர்கள் பதறினர், ஏடுகள் நீரில் சிதறிப் போயின. அன்று முதல் அவர் நாள்தோறும் ஜினாலயம் சென்றார். நோன்பும் நியமமும் மேற்கொண்டார். சாமாயிகமும் பிரதிக்கிரமணமும் செய்தார். தந்தை மகிழ்ந்தார்.

தன் எழுத்தைத் தானே படித்தபோது தன்னைக் கண்டு அஞ்சிய மனிதரை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. பொய்யான எழுத்தை ஆற்றில் எறிந்த அதே கை, 36 ஆண்டுகளுக்குப் பின் மெய்யான எழுத்தை எழுதத் துணிந்தது. இடைப்பட்ட காலத்தில் நேர்ந்தவையே அவர் கதையின் உயிர்ப்பகுதி.

ஆக்ராவில் தோல்வி

1610இல் தந்தை அவரை மணிகளும் துணியும் நெய்யும் எண்ணெயும் கொடுத்து ஆக்ராவுக்கு வணிகத்துக்கு அனுப்பினார். வணிகம் படுத்தது. மணிகள் சில தொலைந்தன. சில எலிக்கு இரையான பொட்டலத்தோடு போயின. முதல் கரைந்தது. கடைவீதிக்குச் செல்ல வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்தார். மாலையில் மதுமாலதி, மிருகாவதி ஆகிய காதற்காப்பியங்களை இசையோடு படிப்பார். பத்துப் பதினைந்து பேர் வந்து கேட்பர். கேட்டவர்களுள் ஒருவர் கச்சோரி விற்கும் கடைக்காரர். பல மாதங்கள் அவர் கடனுக்கே உணவளித்தார். தம்மிடம் ஒன்றுமில்லை என்று பனாரசிதாசர் உண்மையைச் சொன்ன பின்னும் அக்கடைக்காரர் உணவை நிறுத்தவில்லை.

வறுமையோடு கைராபாத் திரும்பியபோது, மனைவி தாம் சேர்த்து வைத்திருந்த 20 ரூபாயைக் கணவர் கையில் கொடுத்தார். பின் தம் தாயிடம் கூற, அவரும் யாருக்கும் தெரியாமல் 200 ரூபாய் அளித்தார். வரலாற்றில் இடம்பெறாத இப்பெண்களின் அறம் இந்நூலால் நிலைத்தது. கடனை மறைத்தால்தான் மானம் நிற்கும் என்று எண்ணுவது வணிகர் உலகம். பனாரசிதாசர் பட்ட கடனையும் பெற்ற உதவியையும் தொகையோடு எழுதினார்.

1616இல் ஆக்ராவில் கொள்ளைநோய் பரவியது. உடலில் கட்டி தோன்றியதும் மக்கள் மாண்டனர்; பலர் நகரைவிட்டு ஓடினர். அந்நோயைக் கண்ணால் கண்டவரின் குறிப்பாகவும் இந்நூல் வரலாற்றாசிரியர்க்குப் பயன்படுகிறது.

பிழைபடப் படித்த நூல்

1623ஆம் ஆண்டு, பனாரசிதாசரின் முப்பத்தேழாம் வயதில், கைராபாத்தில் அன்பர் ஒருவர் அவர் கையில் ஒரு நூலைக் கொடுத்தார். குந்தகுந்த ஆசாரியரின் சமயசாரம் அது; ராஜமல்லர் மக்கள் மொழியில் எழுதிய உரையும் உடன் இருந்தது. உயிரின் தன்னியல்பை ஆராயும் பெருநூல் சமயசாரம். நிச்சய நயத்தால் நோக்கினால் உயிர் தூயது. அறிவே அதன் இயல்பு. வினையும் உடலும் அதற்கு வேறானவை. வியவகார நயத்தால் நோக்கினால் உயிர் வினையால் கட்டுண்டது. நோன்பும் வழிபாடும் ஒழுக்கமும் அதற்கு வேண்டும். பறவைக்கு இரு சிறகு போல இரு நோக்கும் சேர்ந்தே வீடுபேற்றுக்கு வழி.

பனாரசிதாசர் ஒரு சிறகை மட்டும் பிடித்துக்கொண்டார். உயிர் தூயதே எனில் பூசை எதற்கு, நோன்பு எதற்கு என்று எண்ணினார். ஜபம், தவம், சாமாயிகம், பிரதிக்கிரமணம் அனைத்தையும் விட்டார். படைத்த பொருளை உண்ணவும் தயங்கவில்லை. அவரும் நண்பர் மூவரும் ஓர் அறைக்குள் ஆடையின்றி நின்று, பொருள் துறந்த முனிவர் ஆகிவிட்டோம் என்று கூறி ஆடிக் களித்தனர். ஊரார் பழித்தனர். சடங்கின் சுவை போயிற்று. ஆன்மாவின் சுவையோ கிட்டவில்லை. மண்ணிலும் இல்லாமல் விண்ணிலும் இல்லாமல் நடுவே தொங்கிய நிலை அது என்பதைப் பின்னாளில் தம்மைத் தாமே எள்ளி நகையாடி எழுதினார்.

இந்நிலை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகளும் அவர் நூலைக் கைவிடவில்லை. கவிதையும் எழுதிக்கொண்டே இருந்தார். படிக்காதவர் வழிதவறினார் என்பதில் வியப்பில்லை. ஆர்வத்தோடு படித்தவரும் வழிதவறலாம் என்பதை இப்பகுதி உணர்த்துகிறது. நூலில் குறையில்லை; தனக்கு உகந்ததை மட்டும் எடுத்துக்கொண்ட மனத்தில் குறை இருந்தது. உயிர் தூயது என்ற சொல்லை அவர் கேட்டார். தம் உயிர் இன்னும் தூய நிலையை எய்தவில்லை என்பதை அவர் பார்க்கவில்லை.

ரூபசந்திரரின் உரை

1635ஆம் ஆண்டு பண்டிதர் ரூபசந்திரர் ஆக்ராவுக்கு வந்து ஒரு கோயிலில் தங்கினார். ஆகமம் கற்ற பெரியவர் அவர். ஆன்மிக நாட்டம் கொண்ட அன்பர்கள் அவரை வேண்டிக் கோம்மடசாரத்துக்குப் பொருள் கூறச் செய்தனர். பனாரசிதாசரும் கேட்போருள் ஒருவராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 49.

கோம்மடசாரம் உயிரின் வளர்ச்சியைப் பதினான்கு குணஸ்தானங்களாக விளக்குகிறது. பொய்க்காட்சியில் தொடங்கி, நற்காட்சி பெற்று, இல்லறத்தார் அணுவிரதம் ஏற்று, முனிவர் மகாவிரதம் ஏற்று, இறுதியில் கேவலியாகும் வரை உயிர் ஏறும் படிகள் அவை. ஒவ்வொரு படிக்கும் அதற்குரிய அறிவும் உண்டு. அதற்குரிய ஒழுக்கமும் உண்டு. நான்காம் படியில் நிற்பவன் பதின்மூன்றாம் படியின் மொழியைப் பேசுவதால் அப்படிக்கு ஏறிவிட மாட்டான். நிற்கும் படியை அறிந்து, அதற்குரிய ஒழுக்கத்தைக் காத்து, அடுத்த படியை நோக்க வேண்டும்.

இதைக் கேட்டதும் பனாரசிதாசரின் பன்னிரண்டாண்டு மயக்கம் தெளிந்தது. சமயசாரம் காட்டியது மலையின் உச்சி. கோம்மடசாரம் காட்டியது ஏறும் படி. இரண்டும் முரணல்ல என்று அறிந்தார். அனேகாந்த நோக்கில் உறுதி கொண்டார். மீண்டும் வழிபாட்டையும் நியமத்தையும் மேற்கொண்டார். அடுத்த ஆண்டே, 1636இல், சமயசாரக் கருத்தை மக்கள் மொழியில் நாடக சமயசாரம் என்னும் கவிதை நூலாக்கினார். பிழைபடப் படித்து ஆடிய அதே நூலை, தெளிந்து படித்துப் பிறர்க்கும் வழங்கினார். வடநாட்டுச் சமணர் இன்றும் அதனைப் போற்றி ஓதுகின்றனர்.

உமாஸ்வாதி ஆசாரியரின் தத்துவார்த்த சூத்திரம் சுவாத்தியாயத்தை ஐந்தாகப் பகுக்கிறது. வாசனா என்பது ஓதுதல். பிருச்சனா என்பது ஐயம் தீர வினவுதல். அனுப்பிரேட்சா என்பது பன்முறை சிந்தித்தல். ஆம்னாயம் என்பது பிழையற மீண்டும் ஓதுதல். தர்மோபதேசம் என்பது பிறர்க்கு அறம் உரைத்தல். 1623இல் பனாரசிதாசரிடம் முதல் உறுப்பு மட்டுமே இருந்தது. கற்றவரிடம் சென்று வினவும் இரண்டாம் உறுப்பு 1635இல்தான் சேர்ந்தது. அதன்பின் மற்றவை தாமே வந்தன. தனியே படித்த நூல் அவரை மயக்கியது. சபையில் அமர்ந்து கேட்ட நூல் அவரைத் தெளிவித்தது. ஜினாலயங்களில் ஒருவர் ஓத மற்றவர் கேட்டு வினவும் சாத்திர வாசிப்பு வழக்கத்தை முன்னோர் ஏன் ஏற்படுத்தினர் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் வேண்டியதில்லை.

பாதிக் கதை

தெளிவு வந்ததால் துன்பம் வராமல் இருக்கவில்லை. பனாரசிதாசருக்கு மூன்று மணம் நிகழ்ந்தது. ஒன்பது மக்கள் பிறந்தனர். ஒருவரும் நிலைக்கவில்லை. இறுதியாக எஞ்சியிருந்த மகனும் இறந்தான். சமயசாரத்தைக் கவிதையாக்கிய அறிஞர், மகனை இழந்த துயரிலிருந்து நெடுநாள் மீள முடியவில்லை என்பதை ஒளிக்காமல் எழுதினார். வீட்டில் எஞ்சியவர் கணவனும் மனைவியும் மட்டுமே.

அதன்பின், 1641ஆம் ஆண்டு மார்கசீர்ஷ மாதத்தில், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் தம் கதையை எழுதினார். மனிதர்க்கு முழு ஆயுள் 110 ஆண்டு என்று கொண்டு, தாம் வாழ்ந்தது அதில் பாதி என்று கணக்கிட்டு அப்பெயரை இட்டார். 675 செய்யுள், எளிய மக்கள் மொழி, அலங்காரம் குறைவு.

நூலின் இறுதியில் அவர் தம் குணங்களையும் குற்றங்களையும் வணிகர் வரவு செலவு எழுதுவதுபோல வரிசையாக எழுதுகிறார். பொறுமை, மனநிறைவு, கவிபாடும் திறன் ஆகியவை ஒரு பக்கம். மறுபக்கம் செல்வத்தின்மேல் ஆசை, வீட்டைவிட்டு அகல மனமின்மை, ஜபமும் தவமும் அடக்கமும் இன்மை, சிறிய செய்திக்கும் பெருஞ்சிரிப்பு, சுவைக்காகப் பொய் சேர்த்துச் சொல்லும் பழக்கம், தனிமை கிடைத்தால் எழுந்து ஆடுதல், காரணமின்றி வரும் அச்சம். நாடக சமயசாரம் இயற்றிப் புகழ்பெற்ற பின் எழுதிய பட்டியல் இது. குருவின் தோற்றத்தை உருவாக்கிக்கொள்ள அவருக்கு எல்லா வாய்ப்பும் இருந்தது. அவர் அதை விரும்பவில்லை.

தம் குற்றத்தையும் பிறர் குணத்தையும் உரைப்போர் தலையாயவர். பிறர் குற்றத்தையும் தம் குணத்தையும் உரைப்போர் கடையாயவர். இரண்டையும் உரைப்போர் இடைப்பட்டவர் என்று மனிதரை மூவகைப்படுத்தி, தம்மை இடைப்பட்டவராகவே எண்ணினார். மற்றொரு வரம்பையும் அவர் உணர்ந்திருந்தார். ஓர் உயிர் ஒரு நாளில் அடையும் நிலைகள் எண்ணற்றவை. அவற்றை முற்றும் அறிந்த கேவலியாலும் முற்றும் சொல்லி முடிக்க இயலாது. ஆகவே தாம் எழுதியது பருமையான செய்திகள் மட்டுமே என்றார். தன்னைப் பற்றி எழுதுவோர்க்கு இவ்வடக்கம் இன்றியமையாதது.

இந்நூலை ஆலோசனாவின் எழுத்து வடிவம் எனலாம். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஆலோசனாவில் கேட்பவர் ஆசாரியர் ஒருவரே. இங்கே நண்பரும் உறவினரும் பின்வரும் தலைமுறையும் கேட்கின்றனர். பத்து அறங்களுள் ஒன்றாகிய ஆர்ஜவம், அதாவது மனம் மொழி மெய் மூன்றும் வளையாமல் ஒன்றுதல், எழுத்தாக வெளிப்பட்டால் எவ்வாறு இருக்கும் என்பதை இந்நூல் காட்டுகிறது.

மீதிப் பாதியை எழுத அவருக்கு வாய்க்கவில்லை. 1643ஆம் ஆண்டளவில் அவர் மறைந்தார் என்பர். பாதி என்று எண்ணி எழுதியதே முழுக்கதை ஆயிற்று.

தென்னாட்டிலிருந்து சென்ற ஒளி

ஆக்ராவில் பனாரசிதாசரை மாற்றிய இரு நூல்களும் எங்கிருந்து சென்றன என்பதை எண்ணிப் பார்த்தல் தகும். வந்தவாசிக்கு அருகிலுள்ள பொன்னூர் மலையில் குந்தகுந்தரின் திருவடிகளைத் தமிழ்ச் சமணர் வழிபட்டு வருகின்றனர். அம்மலை அவர் தவம் செய்த இடம் என்பது மரபு. கோம்மடசாரத்தை இயற்றியவர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. சிரவணபெளகொளாவில் பாகுபலியின் பேருருவத்தை நிறுவிய கங்க நாட்டு அமைச்சர் சாவுண்டராயரின் பொருட்டு அந்நூல் இயற்றப்பட்டது. தெற்கே தோன்றிய பிராகிருத நூல்கள் ஏட்டில் ஏறி, உரை பெற்று, பல நூற்றாண்டுகள் கடந்து, யமுனைக் கரையில் ஒரு மணி வணிகரின் கையை அடைந்தன.

அவ்வொளி மீண்டும் ஒரு முறை பயணம் செய்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராயிருந்த தமிழ்ச் சமண அறிஞர் அ. சக்கரவர்த்தி நயினார் சமயசாரத்தை ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தார். 1950இல் அதனை வெளியிட்டது பாரதிய ஞானபீடம். அந்நிறுவனம் அப்போது இயங்கியது பனாரசிதாசருக்குப் பெயர் தந்த காசியில்.

பனாரசிதாசரின் பாதிக் கதை அச்சேறி அறிஞர் கவனத்தைப் பெற்றதும் இருபதாம் நூற்றாண்டில்தான். 1943இல் நாதூராம் பிரேமி அதனைப் பதிப்பித்தார். 1981இல் முகுந்த் லாட் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். முந்நூறு ஆண்டுகள் ஏட்டைப் படியெடுத்துக் காத்த பெயர் தெரியாத அன்பர்கள் இல்லையேல் இவை நிகழ்ந்திரா. சாத்திர தானம் என்று முன்னோர் அதனைப் போற்றியது பொருத்தமே.

தமிழ்ச் சமண இல்லங்களில்

வாசிப்பைத் திருநாளாகக் கொண்டாடும் வழக்கம் தமிழ்ச் சமணர்க்கும் இருந்தது. ஸ்ரீபுராணம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் முறையாக ஓதப்பட்டது. சீவக சிந்தாமணியின் பொருள் தேடிக் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்ற உ. வே. சாமிநாதையர், அங்கே ஒரு சமணர் இல்லத்தில் சிந்தாமணி படித்து நிறைவு செய்த நாளை விழாவாகக் கொண்டாடியதைக் கண்டார். அவ்வன்பர்கள் எடுத்துக் கூறிய சமயப் பொருள் 1887இல் வெளிவந்த சிந்தாமணிப் பதிப்புக்குத் துணையாயிற்று.

இச்செய்தி இன்று கிடைப்பது எவ்வாறு? ஐயர் தம் முதுமையில் எழுதிய ‘என் சரித்திரம்’ என்னும் தன்வரலாற்றால். அவர் எழுதாமல் இருந்திருந்தால், ஒரு காப்பியம் படித்து முடித்ததற்காக வாயிலில் தோரணம் கட்டிய அவ்வீட்டை இன்று யாரும் அறியார். படித்த குடும்பம் சமணக் குடும்பம். எழுதி வைத்தவர் சமணர் அல்லர். சிந்தித்தற்குரிய செய்தி இது. ஓதுவதில் சிறந்து விளங்கிய தமிழ்ச் சமணர், தம்மைப் பற்றி எழுதுவதில் பின்தங்கினர். சிற்றூர்களில் உழுது வாழ்ந்தவர், ஞாயிறு மறையுமுன் உண்ணும் நெறியைப் பஞ்ச காலத்திலும் காத்தவர், சிதைந்த ஜினாலயத்துக்கு நெல் அளந்து கொடுத்தவர், பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தவர், ஏடுகளைத் துணியில் கட்டிக் காத்த பெண்மணிகள் ஆகியோரின் கதைகளுள் பெரும்பான்மை அவர்களோடு மறைந்தன.

பனாரசிதாசரைப் போலக் கவிபாடும் திறன் எல்லோர்க்கும் வாய்க்காது. அது வேண்டுவதும் இல்லை. வேண்டுவன அவரிடம் இருந்த மற்ற இரண்டு. ஒன்று, படித்ததைக் கற்றோர் முன் வைத்து வினவும் பணிவு. மற்றொன்று, தன்னைப் பற்றி எழுதும்போது குறையையும் எழுதும் நேர்மை. தசலட்சணப் பருவத்துப் பத்து நாளில் ஓர் இல்லத்தில் மூத்தவர் ஒருவர் மாலைதோறும் ஓர் அறநூற்பகுதியை ஓதச் செய்து, பின்னர் தம் வாழ்வில் அவ்வறத்தைக் காத்த நாளையும் தவறிய நாளையும் பேரக்குழந்தைகள் எழுதிக்கொள்ளும்படி சொன்னால் போதும். பொறுமை பற்றிய நாளில் தம் சினத்தின் கதை. வாய்மை பற்றிய நாளில் தாம் சொன்ன பொய்யின் கதை. கைவிடுதல் பற்றிய நாளில் கைவிட முடியாததன் கதை. பத்தாம் நாள் முடிந்து மன்னிப்புக் கேட்கும் வேளையில், எதற்கு மன்னிப்பு என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

தம் வாழ்நாளில் பாதி எஞ்சியுள்ளது என்று பனாரசிதாசர் எண்ணினார். எஞ்சியது ஈராண்டு. நல்லவேளையாக, அதற்கு முன்பே அவர் எழுதுகோலை எடுத்திருந்தார்.